அண்ணாச்சி துடைத்த இசைத்தட்டு

அண்ணாச்சி,

என்னுடைய இசைத்தட்டை நீங்கள் பாழாக்கினீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த தட்டை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உங்கள் அச்சகத்து ஸ்பிரிட்டை ஊற்றித் துடைத்தீர்கள். அது கரைந்துபோனது. அதன் பிறகு நீங்கள் உயிரோடு இருந்த அத்தனை வருடமும் ‘தப்புப் பண்ணிட்டேன் தம்பி’ என்று சொல்லவே இல்லை. இதைக் கடைசியில் எழுதினால், இறந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறபோக்கில் ஒரு குறையையும் சொன்னதுபோல் ஆகிவிடும். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். நல்ல வார்த்தையும் வரும். கொஞ்சம் பொறுங்கள்.

இன்று காலையில் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். நர்ஸம்மா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து முழங்கை மடிப்பில் தேய்த்தார். அந்தக் குளிர்ச்சியும் வாசனையும் ஒன்றாக ஏறியதும் எனக்குள் பழைய கோபம் எழுந்து உட்கார்ந்தது.

“ஊசியே இன்னும் குத்தல தாத்தா, அதுக்குள்ள மூஞ்சியச் சுளிக்கீக?” என்றார்.

“ஊசிக்கு இல்லம்மா. இது வேற ஒருத்தர் கணக்கு.”

“கைய லூசா விடுங்க. அவர் கணக்க வெளிய போயித் தீத்துக்கிடலாம்.”

வெளியே வந்து தீர்க்கலாம் என்றால் நீங்கள் இல்லை. போன மழைக்காலத்தில் போய்விட்டீர்கள். ஆகவே எழுத உட்கார்ந்தேன்.

எழுதுவதற்கு அவசரமும் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் பெங்களூரிலிருந்து வருகிறான். உங்கள் வீட்டு ஹாலைக் காலி செய்து, தீபாவளி சீசனுக்கு லேபிள் கட்டு அடுக்க யாருக்கோ வாடகைக்கு விடப்போகிறானாம். அதற்குள் உங்கள் செட்டை நான் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்கிறார் மதினி. டர்ன்டேபிள், ஆம்ப்ளிஃபயர், நெஞ்சு உயர ஸ்பீக்கர் இரண்டு, தட்டு அலமாரி, எல்லாம். “அவுக உங்களுக்குத்தான்னு சொல்லிட்டுப் போயிருக்காக தம்பி” என்று போனில் சொன்னார். எடுத்தால் என் வீட்டில் இப்போது இருக்கும் நிம்மதி போய்விடும். எடுக்காவிட்டால் உங்கள் செட் காயலான் கடைக்குப் போய்விடும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. எடுத்தால், அந்தத் தட்டுக்கு நான் ஈடு வாங்கிக்கொண்டதாக ஆகும். நீங்கள் உயிரோடு இருந்தபோதே வாங்காத ஈட்டை இப்போது எப்படி வாங்குவது?

நாம் பழகியதே ஓர் இரைச்சலால்தான். எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் நான் வயர்மேனாக இருந்தேன். யாரிடமும் உட்கார்ந்து படித்ததில்லை. கெட்ட ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டதுதான். உங்கள் அச்சகத்துக்கு லேபிள் ஆர்டர் கொண்டுவந்த எங்கள் கம்பெனி ஆள் என்னையும் உடன் கூட்டி வந்தார். ‘பாட்டுப் பெட்டில ஒரு இரைச்சல் வருது, வந்து பாருங்க’ என்று மாடிக்கு அழைத்துப் போனீர்கள். இவ்வளவு பெரிய ஹாலில் ஒரே ஒரு நாற்காலியா என்று எனக்கு ஆச்சரியம். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில் அது இருந்தது. அதில் உட்கார்ந்தால்தான் பாடுகிறவர் எதிரில் நிற்பதுபோல் கேட்கும் என்று சொன்னீர்கள். பிறகு தட்டைப் போட்டீர்கள். பாடகர் வந்தாரோ இல்லையோ, அவருக்கு முன்னால் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் வந்து நின்றது.

அதைப் போக்க ஏற்கெனவே ஆம்ப்ளிஃபயரை மாற்றிப் பார்த்துவிட்டீர்கள். வயரை மாற்றிவிட்டீர்கள். நான் நேரே கீழே இறங்கிப் பின்புறம் போய் எர்த் குழியைப் பார்த்தேன். மண் பாளமாக வெடித்துக் கிடந்தது.

“இதுக்குத் தண்ணி ஊத்தி எம்புட்டு நாளாச்சு அண்ணாச்சி?”

“அதுக்குத் தண்ணி ஊத்தணுமா?”

வாளி வாளியாக நீங்களே தூக்கி ஊற்றினீர்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. மேலே போய்த் தட்டைப் போட்டால் முனகல் அடங்கியிருந்தது. நீங்கள் சிரித்த சிரிப்பு கீழே மெஷின் ஓட்டுகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். “பாட்டுக் கேக்கணும்னா தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சணும்னு இம்புட்டு நாளா ஒருத்தனும் சொல்லலையே தம்பி!”

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் உங்கள் வீடு, இல்லாவிட்டால் என் வீடு. என் டர்ன்டேபிள் பழசு, மூன்று வேகத்திலும் சுற்றும். ஆம்ப்ளிஃபயர் நானே பற்றவைத்தது. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பலகை உங்கள் அச்சகத்துக்குப் புது மெஷின் வந்திறங்கிய பெட்டியிலிருந்து கொடுத்தீர்கள். ஆஃப்செட் மெஷின் உருளையில் சுற்றும் ரப்பர் விரிப்பு பழசானதும் கழற்றிப் போடுவீர்கள் அல்லவா? அதை வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, டர்ன்டேபிளில் தட்டுக்கு அடியில் விரிக்கக் கொடுத்தவரும் நீங்கள்தான். கடையில் விற்கும் எதையும்விட அது நன்றாக இருக்கிறது. தட்டு ஆடாது, வழுக்காது. இன்றைக்கும் என் டர்ன்டேபிளில் அதுதான் கிடக்கிறது. முதல் நல்ல வார்த்தை இது. எழுதிவிட்டேன்.

என் பங்குக்கு நானும் கம்பெனியிலிருந்து ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தேன். வெடிமருந்து அறைக்குள் போகும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும். தொட மறந்தவன் விரலில் எழும் சின்னப் பொறி போதும், அறையே போய்விடும். நம் ஊர்க் காற்றில் ஈரம் கிடையாது. அதனால்தானே இங்கே தீப்பெட்டியும் பட்டாசும் வந்தன. அதே காற்றில்தான் இசைத்தட்டும் பஞ்சையும் தூசியையும் இழுத்துக்கொண்டு படபடவென்று பொரியும். நான் டர்ன்டேபிள் பக்கத்துச் சுவரில் ஒரு செம்புத் தகடு பதித்து, அதற்கு எர்த் கொடுத்தேன். தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் தட்டைத் தொடுவேன். கோடைக்காலம் என்றால் தரையில் தண்ணீரும் தெளித்துவிடுவேன். தட்டிலிருக்கும் மின்சாரம் முழுக்க அதனால் போகாது, எனக்குத் தெரியும். ஆனால் என் விரலிலிருந்து ஊசிக்குப் பாய்ந்து ‘டப்’ என்று ஸ்பீக்கரில் அடிக்கும் சத்தம் நின்றது.

அதை முதலில் பார்த்தபோது நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

“என்ன தம்பி, தட்டு வெடிச்சிருமா? லைசென்ஸ் வாங்கிட்டீகளா?”

“உங்க வீட்டுல மாசத்துக்கு ஒரு ஊசி போகுது. என் வீட்டுல ஊசி நிக்குது. சிரிங்க.”

அடுத்த வாரம் உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு தகடு இருந்தது. என்னுடையதைவிடப் பெரியது. மெருகேற்றி, ஓரத்துக்குத் தேக்குச் சட்டம் வேறு.

அதுதான் நீங்கள். எதுவும் போதாது. ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு மாத்திட்டா போதும் தம்பி’ என்பீர்கள். ஊசியை மாற்றுவீர்கள். பிறகு ஊசியின் தரத்துக்கு வயர் போதாது என்பீர்கள். வயரை மாற்றியதும் ஸ்பீக்கர் போதாது. ஸ்பீக்கர் லாரியில் வந்து இறங்கும். அதன் பிறகு அறையே சரியில்லை என்று ஜன்னலை அடைத்து, சுவருக்குச் சணல் விரிப்பு அடித்தீர்கள். மதினி துணி காயப்போட அந்த ஜன்னல் வழியாகத்தான் மொட்டை மாடிக்குக் கை நீட்டுவார். அதுவும் போனது.

உங்கள் தொற்று எனக்கும் ஒட்டியது. உங்களிடம் ஒன்று வந்தால் என் செட்டில் ஒரு குறை எனக்குக் கேட்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றுவேன். நாம் சேர்ந்து பாட்டுக் கேட்டோம் என்று ஊருக்குள் பேச்சு. உண்மையில் நாம் எந்தப் பாட்டையும் கேட்கவில்லை. பல்லவி முடிவதற்குள் நீங்கள் கையைத் தூக்குவீர்கள். ஊசியைத் தூக்குவோம். ‘தபலா கொஞ்சம் மந்தமா இருக்கு பாத்தீகளா?’ வயரைப் பிடுங்கி வேறு வயர் மாட்டி, அதே பல்லவி. என் வீட்டுக்காரி ஒருநாள் காபி கொண்டுவந்து வைத்தபடி சொன்னாள்: “அண்ணாச்சி, அந்தப் பாடுற பொம்பள பாவம். ‘வருவேன்’னு ஆரம்பிக்கா, நீங்க ரெண்டு பேரும் அவள வரவே விடமாட்டேங்கீகளே.”

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு மறுபடியும் ஊசியைத் தூக்கினீர்கள்.

இனி அந்தத் தட்டைப் பற்றி.

எங்கள் கல்யாணத்துக்கு மேளம் வைக்க வசதியில்லை. ரேடியோ செட்டுதான். தாலி கட்டுகிற நேரம் நாதசுரத் தட்டு ஒன்றைப் போட்டார்கள். அன்றைக்கே அது பழைய தட்டு, பலகை மாதிரி கனமானது. நான் முடிச்சுப் போடக் குனிந்தபோது ஊசி கீறலில் சிக்கிக்கொண்டது. ஒரே பிடி, திரும்பத் திரும்ப. ரேடியோ செட்டுக்காரர் பந்திக்குப் போய்விட்டிருந்தார். எனக்கோ முடிச்சு விழவில்லை. நாதசுரமும் நகரவில்லை. அவர் எச்சில் கையோடு ஓடிவந்து தட்டியதும் அது நகர்ந்தது, முடிச்சும் விழுந்தது. பந்தலே சிரித்தது.

ரொம்ப வருடம் கழித்து, அச்சங்குளத்தில் அந்த ரேடியோ செட்டுக்காரர் குடும்பம் கடையை மூடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். சாக்கு மூட்டைகளில் தட்டுகள். அவற்றைக் கிளறி, நாதசுரம் என்று போட்டிருந்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்தப் பழைய தட்டுகளுக்கான தடித்த ஊசியை மாட்டி, ஒவ்வொன்றாக ஓட்டினேன். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி கரண்டியோடு வெளியே வந்தாள்.

“இதேதான்! இந்த எடத்துலதான் சிக்குச்சு! நீங்க கூட, தாலியக் கையில வச்சுக்கிட்டு முழிச்சீகளே!”

ஊசி அதே பிடியில் சிக்கி அதையே வாசித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் தட்டிவிடாமல் நின்று கேட்டோம். என் வீட்டில் குறை சொல்லாமல் கேட்ட முதல் சங்கீதம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அதை நான் உங்களுக்குப் போட்டுக் காட்டினேன். ‘அழுக்கு ஏறியிருக்கு தம்பி, அதான் பொரியுது’ என்றீர்கள். இருக்கட்டும் என்றேன். நான் வெளியே கடைக்குப் போயிருந்த நேரம் வந்து, என் வீட்டுக்காரியிடம் ‘தொடச்சுக் கொண்டாரேன்’ என்று சொல்லி எடுத்துப் போனீர்கள். உங்கள் எல்.பி. தட்டுகளையெல்லாம் அச்சகத்து ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்து துடைப்பீர்கள், பளிச்சென்று ஆகும். அவை பிளாஸ்டிக். அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. என் தட்டு அரக்கில் செய்தது. அந்தக் காலத்துத் தட்டெல்லாம் அப்படித்தான். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரச்சாமானுக்கு மெருகு போடுகிறவர்கள் கரைத்துத்தானே பூசுகிறார்கள். துணியில் கறுப்பு ஒட்டியதைப் பார்த்ததும் அழுக்குதான் வருகிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்திருக்கிறீர்கள். அழுக்கு இல்லை அண்ணாச்சி. சங்கீதம்தான் வந்தது.

பூச்சட்டிப் பட்டாசின் லேபிள் தாளில் சுற்றி எடுத்து வந்தீர்கள். தாள் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால், வரிகள் போய் மழுமழுவென்று ஒரு பக்கம், அதன்மேல் பூச்சட்டியின் சிவப்பு மை.

“தட்டு கொஞ்சம் மக்கர் பண்ணிருச்சு தம்பி. பழைய தட்டுதான?”

இதுதான் நீங்கள் சொன்னது. எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. மக்கர் செய்தது தட்டாம்.

உங்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினாள் என் வீட்டுக்காரி. அடுத்த ஞாயிறு நான் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். அப்போதுதான் ஈடு வர ஆரம்பித்தது. முதலில் ஒரு ஊசி, ஜப்பான் ஊசி, பெட்டி பிரிக்காதது. திருப்பி அனுப்பினேன். பிறகு வேறு ஊர்களில் சொல்லிவைத்து வாங்கிய நாதசுரத் தட்டுகள், ஒரு கட்டு. திருப்பி அனுப்பினேன். பிறகு ஒரு ஜோடி ஸ்பீக்கர், லோடு ஆட்டோவில். ஆட்டோக்காரர் இறக்கிவைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். ‘ஏத்துப்பா திரும்ப’ என்றேன். ‘என்ன பெருசு, சீதனத்தத் திருப்பி அனுப்புற மாதிரி அனுப்புறீக’ என்றார் அவர். என்னை வீம்பு பிடித்தவன் என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னதாகக் கேள்வி. சொல்லியிருப்பீர்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒரு சொல். அதற்குப் பதிலாக நீங்கள் எதை வேண்டுமானாலும் தரத் தயாராக இருந்தீர்கள்.

இப்போது நான் எழுதப் போவதை நீங்கள் உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் குற்றத்தால் எனக்கு நன்மை வந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் வராத முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் பொழுது போகவில்லை. ஓர் எல்.பி.யை எடுத்துப் போட்டேன். மூடியைக் கழற்ற ஸ்குருடிரைவரைக் கையில் எடுத்தேன். பக்கத்தில் யாரும் கையைத் தூக்கவில்லை. பாட்டு பல்லவியைத் தாண்டியது. சரணத்துக்குப் போனது. இத்தனை வருடம் அந்தப் பாட்டுக்கு மூன்றாவது சரணம் இருப்பதே எனக்குத் தெரியாது. அடுத்த பாட்டும் அதன்பாட்டுக்கு வந்தது. வீட்டுக்காரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன, இன்னைக்கு நிக்காம ஓடுது? கரண்ட்டு போயிருச்சுன்னு நினைச்சு வராம இருந்துட்டாகளா அண்ணாச்சி?”

ஊசி நடு லேபிளுக்குப் பக்கத்தில் போய் ‘சரக், சரக்’ என்று அடித்துக்கொண்டிருந்தபோது ஸ்குருடிரைவர் என் மடியில் இருந்தது. அதை எடுத்துப் பெட்டியில் போட்டேன். பிறகு செட்டுக்காக அதை வெளியே எடுக்கவில்லை.

என் செட்டில் குறை இல்லை என்று சொல்லவில்லை. வலது ஸ்பீக்கர் பெட்டி, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் விழும் ஒரு குறிப்பிட்ட அடிக்கு அதிர்ந்து ‘ர்ர்’ என்னும். எந்த ஆணி என்றுகூட எனக்குத் தெரியும். அது அங்கேயே இருக்கட்டும். மேல்சுருதியில் என் காதே இப்போது பாதிதான் வாங்குகிறது. பட்டாசுச் சத்தத்திலேயே வாழ்ந்த காது. செட்டும் நானும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேய்ந்திருக்கிறோம், அதனால் எங்களுக்குள் தகராறு இல்லை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு பக்கம் போடுவேன். வீட்டுக்காரி வெற்றிலையோடு வந்து சாய்ந்துகொள்வாள். வெளியே எங்கோ சரவெடி சோதித்துப் பார்ப்பார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் மழை என்றால் காற்றில் கொஞ்சம் ஈரம் வரும், அன்றைக்குத் தட்டு பொரியாமல் ஓடும். இதற்கு மேல் ஒரு பாட்டுப் பெட்டி மனிதனுக்கு என்ன செய்ய வேண்டும்? போதும் என்கிற இடம் இருக்கிறது அண்ணாச்சி. நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு தடவை நீங்களும் அங்கே வந்தீர்கள். உடம்பு முடியாமல் ஆன பிறகு, ஆட்டோவில். சட்டை தோளில் தொங்கியது. ‘வாங்க அண்ணாச்சி’ என்றேன். ‘சாப்பிட்டீகளா?’ என்று என் வீட்டுக்காரி கேட்டதற்குத் தலையாட்டினீர்கள். நான் போட்டிருந்த தட்டு ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் உட்கார்ந்தீர்கள். நீங்கள் எப்போது கையைத் தூக்குவீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தூக்கவில்லை. ஒரு பக்கம் முழுவதும் கேட்டீர்கள், அந்த ‘ர்ர்’ உட்பட. தட்டு முடிந்ததும் சொன்னீர்கள்:

“மாத்துறதுக்கு ஒண்ணுமில்ல தம்பி.”

அது பாராட்டு. உங்கள் வாயிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் அது மன்னிப்பு அல்ல. இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் எழுந்து போனீர்கள்.

முந்தாநாள் உங்கள் வீட்டுக்குப் போனேன். ‘வேண்டாம்’ என்று நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். மதினி ஹால் கதவைத் திறந்துவிட்டார். உங்கள் ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுகளில் தூசி. நான் அதைத் துடைக்கப் போனேன். துடைத்ததும் சுவிட்சைப் போட்டேன். சிவப்பாக அவை சூடேறியபோது என் மனசு ஆடியது, மறைக்கவில்லை. உங்கள் ஆம்ப் என்னுடையதைவிட நல்லது. ரொம்ப நல்லது. அதை என் ஸ்பீக்கரில் மாட்டினால் எப்படி இருக்கும் என்று ஓட ஆரம்பித்தது புத்தி. பிறகு ஊசி. பிறகு பெட்டி. ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று நீங்கள் காதுக்குள்ளேயே வந்துவிட்டீர்கள்.

டர்ன்டேபிளில் நீங்கள் கடைசியாகக் கேட்ட தட்டு அப்படியே இருந்தது. வீணை. ஊசியை வைத்துவிட்டு, “உக்காருங்க மதினி” என்று நாற்காலியைக் காட்டினேன்.

“நானா? அதுல அவுகதான் உக்காருவாக. இம்புட்டு வருசமும் நான் அடுப்படியிலேருந்துதான கேட்டேன்.”

“இப்பம் உக்காருங்க.”

முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, பஸ்ஸில் சீட் கிடைத்தவர்போல் ஓரமாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

“தம்பி, இந்த இடது பக்கம் கொஞ்சம் சத்தம் கூட வருதோ?”

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். கூட்டிப் பெருக்குகிறவர்கள் நாற்காலியை ஒரு முழம் நகர்த்தியிருந்தார்கள். அவரை எழுப்பி, பழைய இடத்தில் போட்டு, மறுபடி உட்காரச் சொன்னேன். “இப்பம் சரியா இருக்கு” என்றார். இந்த வீட்டில் இத்தனை நாளும் இப்படி ஒரு காது அடுப்படியில் இருந்திருக்கிறது அண்ணாச்சி. நீங்களோ சத்தத்தைச் சரிபார்க்க மதுரையிலிருந்து ஆள் கூட்டி வந்தீர்கள்.

பாட்டு முடிந்ததும் கேட்டேன், நல்லா இருந்துச்சா என்று.

“செட்டு நல்லா இருக்கு. இந்தத் தட்டு எனக்குப் பிடிக்காது. அவுகளுக்குப் பிடிக்கும், அதனால சகிச்சுக்கிட்டேன்” என்றார் மதினி. “சரி, ஞாயித்துக்கிழம வண்டி கொண்டாந்து ஏத்திக்கிடுங்க.”

“செட் இங்கனயே இருக்கட்டும் மதினி.”

“அவுக சொல்லிட்டுப் போயிருக்காகளே?”

“அவுக சொன்னது இருக்கட்டும். சொல்லாமப் போனது ஒண்ணு இருக்கு. அதுக்கு இது ஈடாகாது.”

அவருக்குப் புரிந்தது. சிரித்தார்.

“அந்தத் தட்டு விசயமா? தப்புன்னு சொல்ல அவுகளுக்கு வாயே வராது தம்பி. கல்யாணமான நாள்லேருந்து எனக்கே ஒரு தடவ சொன்னதில்ல. வரிசையில மொதல்ல நான் நிக்கேன். நீங்க எனக்குப் பின்னால வந்து நில்லுங்க.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் ஹாலில் அத்தனை வருடம் கழித்து உங்கள் மேல் குறை சொல்லி இரண்டு பேர் சிரித்தோம். ரொம்ப நன்றாக இருந்தது.

அதனால் உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். என் குறை என்னிடமே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டுதான் சந்தோஷமாக இருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள என் வீட்டில் இடம் இருக்கிறது. நீங்கள் வெட்டிக் கொடுத்த ரப்பர் மேல்தான் என் தட்டு தினமும் சுற்றுகிறது, அதையும் மறக்கவில்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இதில் மாற்றம் கிடையாது.

செட் உங்கள் ஹாலிலேயே இருக்கும். லேபிள் கட்டு வைக்கிறவர் கீழே அச்சகத்தின் பின்கட்டை எடுத்துக்கொள்ளட்டும். இதை ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகனிடம் நான் சொல்வேன். அவன் ‘சித்தப்பா, அது சும்மா இடத்தை அடைக்குது’ என்பான். என்றாலும் ஒத்துக்கொள்ள வேண்டும். போவதற்குள் அடைத்த ஜன்னலை அவனே ஆள் வைத்துத் திறந்துவிட வேண்டும். சத்தம் கொஞ்சம் கெடும். கெடட்டும், மதினிக்குக் காற்று வேண்டும். ஆடிப்போன ப்ளக்கையும் சுவிட்சையும் மாற்றுவது, வால்வு கெட்டால் பார்ப்பது என் பொறுப்பு. கை நடுங்காமல் ஊசியை இறக்க மதினிக்கு என் வீட்டுக்காரி காட்டிக் கொடுக்க வேண்டும். நான் காட்டினால் சண்டை வரும். அலமாரியில் இருக்கும் தட்டுகளில் தனக்குப் பிடிக்காததையெல்லாம் மதினி ஒதுக்க வேண்டும். அவற்றை நான் கொண்டுபோவேன், அந்த வீணை உட்பட. அது மட்டும்தான் நான் எடுப்பது. ஆம்ப்ளிஃபயரை இரவல் கேட்டு நான் வந்தால் மதினி தரக் கூடாது.

மீதியிருப்பதில் எந்தத் தட்டை முதலில் போடுவது என்பதை மதினிதான் சொல்ல வேண்டும். அவர் யோசிக்க எவ்வளவு நேரம் எடுத்தாலும், நானோ உங்கள் மகனோ பக்கத்தில் நின்று ஒரு பெயரையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.